டூட்ஸ் ஹிபர்ட்: ரெகேக்குள் ஒலித்த தேவாலயக் குரல்

டூட்ஸ் ஹிபர்ட் (ஃபிரெடரிக் நதானியேல் ஹிபர்ட், டிசம்பர் 8, 1942 – செப்டம்பர் 11, 2020) ஜமைக்கப் பாடகர், பாடலாசிரியர். மேட்டல்ஸ் என்னும் மூவர் குழுவின் முதன்மைக் குரலாக இருந்தவர். ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே என ஜமைக்க வெகுமக்கள் இசை கடந்துவந்த மூன்று கட்டங்களிலும் முன்னணியில் பாடியவர். அறியப்பட்டவரை ‘ரெகே’ என்னும் சொல்லைப் பயன்படுத்திய முதல் இசைத்தட்டு இவர் குழுவினுடையது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையையும் ரெகேயையும் இணைத்தவராக மதிப்பிடப்படுகிறார்.

ஹிபர்டைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு அடைமொழிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, பன்முகப் பாடகர். இன்னொன்று, ஜமைக்காவின் ஓடிஸ் ரெடிங். இரண்டும் பாராட்டாகச் சொல்லப்படுபவை. ஆனால் முதலாவது அவருடைய கலையின் மையத்தைத் தவறவிடுகிறது. இரண்டாவது அவரை இன்னொருவரின் நிழலில் நிறுத்துகிறது. அவருடைய பாடல்களை வரிசையாகக் கேட்பவர் உணர்வது பல முகங்களை அல்ல, எந்தப் பாடலையும் தன் இயல்புக்கு இழுத்துக்கொள்ளும் ஒரே குரலை.

இளமையும் தேவாலயமும்

ஹிபர்ட் ஜமைக்காவின் கிளாரெண்டன் வட்டாரத்தில் மே பென் என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்தவர்களில் இளையவர். பெற்றோர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த போதகர்கள். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். பெற்றோர் இருவரையும் இளமையிலேயே இழந்தபின் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, டிரெஞ்ச்டவுன் பகுதியில் அண்ணனுடன் வாழ்ந்தார். முடிதிருத்தும் கடை ஒன்றில் வேலைசெய்தபோது ஹென்றி ‘ராலி’ கார்டன், நதானியேல் ‘ஜெர்ரி’ மத்தியாஸ் ஆகிய இருவரையும் சந்தித்தார். 1960-களின் தொடக்கத்தில் மூவரும் சேர்ந்து மேட்டல்ஸ் குழுவை அமைத்தார்கள்.

சோல் இசையும் தேவாலயத்தில் பிறந்ததே. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினச் சபைகளில் போதகர் ஒரு வரியைச் சொல்ல, சபையார் திரும்பச் சொல்ல, வரி வளர்ந்து கூச்சலாகவும் அழுகையாகவும் மாறும். 1950-களில் ரே சார்ல்ஸ் அந்த அமைப்பை அப்படியே எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தார். அந்தப் பாடல்கள் தென்மாநில வானொலி நிலையங்கள் வழியாகக் கடல்கடந்து ஜமைக்காவை எட்டின. ஜமைக்காவின் சபைகளிலும் அதே அழைப்பும் எதிரொலியும் முன்பே இருந்தன. எனவே ஹிபர்ட் அமெரிக்க வானொலியில் கேட்டது அன்னியமான ஒன்றை அல்ல. தன் வீட்டுப் பேச்சை இன்னொரு ஊர் உச்சரிப்பில் கேட்டார்.

காலவரிசையும் இதையே காட்டுகிறது. ஓடிஸ் ரெடிங் ஹிபர்டைவிட ஏறத்தாழ ஓராண்டே மூத்தவர். அவருடைய முதல் வெற்றிப்பாடல் வெளிவந்தது 1962-ன் இறுதியில். கிங்ஸ்டனில் காக்ஸன் டாடின் ஸ்டூடியோ ஒன் நிறுவனத்துக்காக மேட்டல்ஸ் பாடத் தொடங்கியதும் அதையொட்டிய காலத்தில்தான். பிற்காலத்தில் ஹிபர்ட் ரெடிங்கை விரும்பிக் கேட்டார், அவர் பாடல்களைப் பாடவும் செய்தார். ஆனால் ஒருவர் மற்றவரின் நகல் அல்லர். ஒரே ஊற்றிலிருந்து இரு திசைகளில் பிரிந்த ஓடைகள் என்பதே சரி.

ஸ்கா காலம்

மேட்டல்ஸின் தொடக்ககாலப் பாடல்களில் பக்தியும் நடனமும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. விவிலியத்தின் தொடக்க நூல்களைப் பெயர் சொல்லி அடுக்கும் ‘சிக்ஸ் அண்ட் செவன் புக்ஸ் ஆஃப் மோசஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்னணியில் ஒலிப்பது ஸ்கா தாளம்: அடிகளுக்கு இடைப்பட்ட அரையடியில் கிதாரும் பியானோவும் வெட்டி வெட்டி ஒலிக்க, மேலே ஊதுகருவிகள் துள்ளும். அந்தத் துள்ளலின்மேல் மூவரும் சபையில் பாடுவதுபோலவே பாடுகிறார்கள். நடனக் கூடத்துக்காக எதையும் மென்மையாக்கவில்லை.

பின்னர் பிரின்ஸ் பஸ்டர், பைரன் லீ ஆகிய தயாரிப்பாளர்களிடம் குழு மாறிமாறிப் பாடியது. 1966-ல் முதன்முறையாக நடத்தப்பட்ட ஜமைக்க விடுதலைவிழாப் பாடல் போட்டியில் ‘பாம் பாம்’ பாடி வென்றது. நியாயத்துக்காக நிற்பவன் அமைதியாக இருக்கிறான், ஆனால் சீண்டினால் விளைவு வேறாக இருக்கும் என்று சொல்லும் பாடல் அது. அதன் பல்லவியை எடுத்தாண்டு 1982-ல் சிஸ்டர் நான்சி பாடிய பாடல் இன்று மூலத்தைவிடப் புகழ்பெற்றிருக்கிறது.

சிறையும் எண்ணும்

போட்டியில் வென்ற அதே 1966-ல் கஞ்சா வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு ஹிபர்ட் சிறைசென்றார். தான் குற்றமற்றவர் என்றே பிற்காலப் பேட்டிகளில் சொல்லிவந்தார். குழு புகழின் உச்சியில் இருந்த நேரம் அது. ஜமைக்க இசை ஸ்காவிலிருந்து வேகம் குறைந்த ராக்ஸ்டெடிக்கு மாறிய காலமும் அதுவே. அந்த மாற்றத்தின் பெரும்பகுதி அவர் உள்ளே இருந்தபோது நடந்தது.

விடுதலைக்குப்பின் தயாரிப்பாளர் லெஸ்லி காங்குடன் இணைந்து 1968-ல் வெளியிட்ட ‘54-46 தட்ஸ் மை நம்பர்’ ஹிபர்டின் ஆகச்சிறந்த ஆக்கம். பாடல் ஒரு அதட்டலுடன் தொடங்குகிறது. கையைத் தூக்கச் சொல்லும் காவலரின் குரலைப் பாடகரே நடித்துக் காட்டுகிறார். பிறகு கைதியின் மறுப்பு. பிறகு, தலைப்பில் உள்ள எண். பெயரை இழந்து எண்ணாக மாறிய மனிதனின் கதை இவ்வளவே, சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

பாடல் முடிவதில்லை. பாதிக்குமேல் ஹிபர்ட் தன் வாத்தியக்காரர்களிடம் திரும்பி, ஒருமுறை கொடு, இருமுறை கொடு என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்கிறார். அவர் சொன்ன எண்ணிக்கையில் தாளம் அடித்து நிற்கிறது. ஜேம்ஸ் பிரவுன் தன் மேடைகளில் செய்துவந்த உத்தி இது. ஆனால் இங்கே அதன் பொருள் வேறு. சிறையில் இவருக்கு ஆணையிட்டார்கள், இவருக்கு எண் இட்டார்கள். பாட்டின் முற்பகுதியில் ஆணைக்குப் பணிந்த அதே மனிதர் பிற்பகுதியில் ஆணையிடுகிறார், எண்கள் அவர் வாயிலிருந்து வருகின்றன. அவமானத்தின் கருவி விளையாட்டின் கருவியாகிறது. புலம்பலோ கோஷமோ இல்லாமல், ஆட்டம்போட வைக்கும் ஒரு பாட்டின் அமைப்புக்குள்ளேயே இது நிகழ்கிறது.

சோல் இசையின் ஓர் உத்தியை ஜமைக்கத் தாளத்தின்மேல் ஒட்டியிருந்தால் அது கலப்படமாக நின்றிருக்கும். தன் அனுபவம் கேட்ட இடத்தில் அந்த உத்தியை வைத்ததால் அது சொந்தமாயிற்று.

பெயரிட்டவர்

அதே 1968-ல் ‘டூ தி ரெகே’ வெளிவந்தது. சீரற்ற உடையோடு இருப்பவரைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெகே’ என்னும் கிங்ஸ்டன் தெருவழக்கை வைத்து விளையாட்டாக உருவான சொல் அது என்று ஹிபர்ட் பின்னாளில் விளக்கினார். அந்தச் சொல் பிறகு உலகெங்கும் ஓர் இசைவகையின் பெயராயிற்று.

இதைக்கொண்டு ரெகேயைக் கண்டுபிடித்தவர் ஹிபர்ட் என்று சிலர் எழுதுவது மிகை. வேகம் கூடிய ஆர்கன் இழைவு, முன்னுக்கு வந்த பேஸ் கிதார், அரையடியில் இரட்டித்து விழும் கிதார் வெட்டு ஆகியவை அக்காலத்தில் கிங்ஸ்டனின் பல ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரேசமயம் உருவானவை. முதல் ரெகே பாடல் எது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. கண்டுபிடித்தவர் பலர். ஏற்கனவே தெருவில் இருந்த ஒன்றுக்கு, தெருவின் சொல்லையே எடுத்துப் பெயரிட்டவர் ஹிபர்ட்.

தெருவின்மீதும் கிராமத்தின்மீதும் இருந்த இந்தக் கண்தான் அவருடைய பாடல்வரிகளின் வலிமை. 1969-ல் அதே போட்டியில் மீண்டும் வென்ற ‘ஸ்வீட் அண்ட் டேண்டி’ ஒரு கிராமத்துத் திருமணத்தின் காட்சி. அறைக்குள் அழும் மணப்பெண், தயங்கும் மணமகன், தேற்றும் பெரியவர்கள், கேக்குக்கு ஆன செலவு, பானப் புட்டிகள் என்று எளிய விவரங்களாலேயே பாடல் நகர்கிறது. ‘பிரஷர் டிராப்’ தனக்குச் சேரவேண்டிய பணத்தைத் தராத ஒருவரை நினைத்து எழுதியது என்று ஹிபர்ட் சொன்னார். பழிவாங்கப் பாடகர் கையை ஓங்குவதில்லை, அழுத்தம் தானாக உன்மேல் இறங்கும் என்று மட்டும் சொல்கிறார். காற்றழுத்தம் குறைந்தால் புயல் வரும் என்று அறிந்த தீவின் மொழியாகவும் இதைக் கேட்கலாம். ‘மங்கி மேன்’ 1970-ல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 47-ஆம் இடத்தைத் தொட்டது.

ஃபங்கி கிங்ஸ்டன்

1971-ல் லெஸ்லி காங் இறந்தார். 1972-ல் பெர்ரி ஹென்செல் இயக்கிய ‘தி ஹார்டர் தே கம்’ திரைப்படத்தில் மேட்டல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் காட்சி இடம்பெற்றது. படத்தின் இசைத்தொகுப்பு அவர்களை ஜமைக்காவுக்கு வெளியே கொண்டுசென்றது. கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் நிறுவனம் வழியாக 1973-ல் ‘ஃபங்கி கிங்ஸ்டன்’ தொகுப்பு வெளிவந்தது. தொடர்ந்து வந்த ‘இன் தி டார்க்’ தொகுப்பின் பாடல்களையும் சேர்த்து 1975-ல் அமெரிக்காவுக்கெனத் தனிப்பதிப்பு வந்தது. ஹிபர்டின் முழுத்திறனையும் ஒரே இடத்தில் அறிய விரும்புபவர் கேட்கவேண்டியது இந்த அமெரிக்கப் பதிப்பு.

அதில் பிறர் பாடல்கள் இரண்டு உள்ளன. ‘லூயி லூயி’ 1957-ல் அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ரி வெளியிட்டது. காதலியைப் பிரிந்து கடலில் செல்லும் ஒருவன் ஜமைக்க நிலவை நினைப்பதாக அமைந்த அந்தப் பாடலை, அமெரிக்க ராக் குழுக்கள் சொல் புரியாத கூச்சலாக மாற்றிப் புகழ்பெறச் செய்தன. ஹிபர்ட் அதைப் பாடும்போது அந்த நிலவு தன் ஊருக்குத் திரும்புகிறது. இன்னொன்று ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’. மேற்கு வர்ஜீனியா என்று வரும் இடத்தில் ஹிபர்ட் மேற்கு ஜமைக்கா என்று பாடினார். ஒற்றைச் சொல் மாற்றம். ஆனால் அநாதையாகக் கிங்ஸ்டனுக்கு வந்த சிறுவனின் ஊரான மே பென், கிங்ஸ்டனிலிருந்து மேற்கே இருக்கிறது என்பதை அறிந்தவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. டென்வரின் பாடலில் இருக்கும் ஏக்கம் இனிமையானது. ஹிபர்டின் பாடலில் அந்த ஏக்கம் வழிபாட்டின் தீவிரம் கொள்கிறது. ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அழுத்தி, நிரவல் செய்பவரைப்போல அதை விரித்துச் செல்கிறார்.

பன்முகத்தன்மை என்று சொல்லப்படுவது உண்மையில் இதுதான். நாட்டுப்புறப் பாட்டு வந்தால் நாட்டுப்புறப் பாடகராகவும், ராக் வந்தால் ராக் பாடகராகவும் அவர் மாறவில்லை. எது வந்தாலும் மே பென் தேவாலயத்துக்கு அதை அழைத்துச் சென்றார்.

சரிவும் மெம்பிஸும்

1976-ல் வந்த ‘ரெகே காட் சோல்’ தொகுப்பிலிருந்து ஒரு தளர்வு தெரிகிறது. அதுவரை தன்னியல்பாக நிகழ்ந்த இணைவு அதன் தலைப்பிலேயே அறிவிப்பாக மாறிவிட்டது. நல்ல பாடல்கள் அதில் உண்டு. ஆனால் ரெகேக்குள் சோல் இருக்கிறது என்று சொல்லவேண்டிய தேவை ‘54-46’ பாடிய காலத்தில் அவருக்கு இருக்கவில்லை. மேடையில் இந்தத் தளர்வு இல்லை. 1980 செப்டம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் பலே அரங்கில் பாடியதைப் பதிவுசெய்து, 24 மணிநேரத்தில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அவசரத்தில் செய்த அந்தத் தட்டு, கவனமாக ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த அக்காலத் தொகுப்புகளைவிட உயிருள்ளது.

1981-ல் மூவரும் பிரிந்தார்கள். விமர்சனங்களில் போதிய கவனம் பெறாத இழப்பு இது. குழுவின் பெயர் 1970-களிலேயே ‘டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ்’ என்றாகிவிட்டதால் மற்ற இருவரும் துணைக்குரல்களாகவே எண்ணப்பட்டார்கள். ஆனால் போதகர் குரலுக்கு சபை வேண்டும். ஹிபர்ட் ஒரு வரியை உடைத்துப் பறக்கவிடும்போது, கார்டனும் மத்தியாஸும் அசையாமல் பிடித்திருந்த அந்தத் திரும்பவரும் வரிதான் அவருக்குத் தரையாக இருந்தது. பிரிவுக்குப்பின் வந்த பல பதிவுகளில் குரல் அதே வலிமையோடு இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை.

1988-ல் வெளிவந்த ‘டூட்ஸ் இன் மெம்பிஸ்’ இதற்கு முக்கியமான விதிவிலக்கு. ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில், அமெரிக்கத் தென்மாநில சோல் இசையின் தலைநகரமான மெம்பிஸில், ஓடிஸ் ரெடிங், அல் கிரீன், எடி ஃபிலாய்ட் ஆகியோர் புகழ்பெறச் செய்த பாடல்களைப் பாடினார். மெம்பிஸ் வாத்தியக்காரர்களோடு ஜமைக்காவின் ஸ்லை டன்பார், ராபி ஷேக்ஸ்பியர் இணை தாளமும் பேஸும் வாசித்தது. ஜமைக்காவின் ஓடிஸ் ரெடிங் என்ற அடைமொழியை ஓடிஸின் ஊரிசையிலேயே சோதித்துப் பார்த்த முயற்சி இது. கேட்கும்போது தெரிவது ஒற்றுமையைவிட வேற்றுமையே. ரெடிங்கின் குரலில் கெஞ்சல் உண்டு, உடையும் தருணம் உண்டு. ஹிபர்ட் கெஞ்சுவதில்லை. சோகப்பாட்டிலும் அவர் குரலுக்கு அடியில் மகிழ்ச்சி அழியாமல் இருக்கிறது. அது அவருடைய எல்லையும்கூட. ஆழ்ந்த கசப்பைச் சொல்லவேண்டிய பாடல்களில் அந்த உற்சாகம் கசப்பைக் கரைத்துவிடுகிறது.

2004-ல் வந்த ‘ட்ரூ லவ்’ தொகுப்பில் வில்லி நெல்சன், எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ், பானி ரெய்ட் முதலியோர் அவருடைய பாடல்களில் இணைந்து பாடினார்கள், வாசித்தார்கள். அத்தொகுப்பு சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. பல இசையுலகங்கள் அவரை எவ்வளவு நேசித்தன என்பதற்கு அது சான்று. கலையாக்கமாக அது விருந்தினர் நிறைந்த வீடு. விருந்தினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் அடையாளத்தோடு வந்து போவதால், வீட்டுக்காரரின் குரல் அவ்வப்போது பின்னால் போய்விடுகிறது.

இறுதி ஆண்டுகள்

2013 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து இளைஞர் ஒருவர் வீசிய மதுப்புட்டி ஹிபர்டின் தலையைத் தாக்கியது. அதன் விளைவுகளால் மூன்றாண்டுகள் மேடையேறவில்லை. வழக்கு நடந்தபோது, அந்த இளைஞருக்கு இரக்கம் காட்டும்படி நீதிபதிக்கு ஹிபர்ட் கடிதம் எழுதினார். சிறையில் இளைஞர்களுக்கு என்ன நேரும் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், அது அவருக்கு நேர்ந்தால் தன் வலி கூடவே செய்யும் என்றும் அதில் குறிப்பிட்டார். ‘54-46’ பாடியவர் எழுதிய கடிதம் என்பதால் அது வெறும் பெருந்தன்மை அல்ல. ஒரு மனிதன் எண்ணாக மாற்றப்படுவது என்ன என்பதை அவர் பாட்டில் மட்டும் சொல்லவில்லை.

2016-ல் மீண்டும் பாடவந்தார். 2020 ஆகஸ்டில் ‘காட் டு பி டஃப்’ வெளிவந்தது. அடுத்த மாதம் கிங்ஸ்டனில் காலமானார். 2021-ல் அத்தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. வாழ்நாளில் ஜமைக்க அரசின் ‘ஆர்டர் ஆஃப் ஜமைக்கா’ விருதையும் பெற்றிருந்தார்.

மதிப்பீடு

ரெகே என்றதும் உலகம் பாப் மார்லியை நினைக்கிறது. ‘ஃபங்கி கிங்ஸ்டன்’ வந்த அதே 1973-ல், அதே ஐலண்ட் நிறுவனம் வழியாகவே வெய்லர்ஸ் குழுவின் ‘கேட்ச் எ ஃபயர்’ வெளிவந்தது. மார்லியிடம் ஒரு தரிசனம் இருந்தது. ராஸ்தாஃபாரிய நம்பிக்கை, ஆப்பிரிக்க மீட்பு, அடக்குமுறைக்கு எதிரான அறைகூவல் ஆகியவற்றைத் தொகுப்புக்குத் தொகுப்பு வளர்த்தெடுத்தார். கேட்பவர் ஏந்திச்செல்ல ஒரு கொடி கிடைத்தது. ஹிபர்டிடம் கொடி இல்லை. ஒரு திருமணம், வராத கடன், சிறைச்சாலை, ஊருக்குப் போகும் பாதை இவ்வளவே அவருடைய உலகம். தனிப்பாடலின் கலைஞர் அவர், தொகுப்பின் கலைஞர் அல்லர். இந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அவருடைய தனிப்பாடல்களின் பயணம் நீண்டது. 1979-ல் ஸ்பெஷல்ஸ் ‘மங்கி மேன்’ பாடினார்கள், கிளாஷ் ‘பிரஷர் டிராப்’ பாடினார்கள். பிறகு ஏமி வைன்ஹவுஸ் ‘மங்கி மேன்’ பாடினார். இவர்கள் யாரும் ஹிபர்டின் கொள்கைக்காக அவரிடம் வரவில்லை. ஒரு வரியை உடல் முழுவதாலும் பாடுவது எப்படி என்று அறியவே வந்தார்கள்.

சோலும் ரெகேயும் ஹிபர்டிடம் இணைந்தன என்பது வழக்கமான மதிப்பீடு. அவரிடம் அவை பிரிந்திருக்கவே இல்லை என்பதே துல்லியமானது. அமெரிக்கச் சபையும் ஜமைக்கச் சபையும் ஒரே துயரவரலாற்றின் இரு கரைகள். அடிமைக் கப்பல்கள் பிரித்துக் கொண்டுபோய் இறக்கிய மக்கள் இரு இடங்களிலும் ஒரேவிதமாகப் பாடினார்கள். ஹிபர்டின் சிறந்த பாடல்களில் அந்தப் பிரிவு சில நிமிடங்களுக்கு இல்லாமலாகிறது.